காதர்பேட்டையும் 100 மீட்டரும்



பணி ஓய்வுக்குப் பிறகு மாப்பிள்ளை வாங்கித் தந்த மலிவு விலை ஜி.பி.எஸ். பெட்டி நேற்று அலமாரியில் கிடைத்தது. அதைக் காரில் ஒட்டிக்கொண்டுதான் உங்கள் கல்யாணங்களுக்கு வந்தேன். “அப்புச்சி, இது என்னங்க?” என்றான் பேரன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் திட்டம். 1983-ல் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறி சோவியத் எல்லைக்குள் போனது. சுட்டு வீழ்த்தினார்கள், 269 பேர் இறந்தார்கள். அதன்பிறகே, பொதுமக்களுக்கும் இதைத் தருவோம் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது.

ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். காதர்பேட்டையில் 100 மீட்டர் தள்ளினால் வேறு சந்து, வேறு பனியன் கடை! 2000 மே மாதம் அதிபர் கிளிண்டன் உத்தரவால் அந்தப் பிழை நின்றது. என் சின்னப் பெட்டிக்கும் வழி தெரிந்தது அதனால்தான்.

இன்னொன்று. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களில் நான்கின் சிக்னல் கிடைத்தால், நாம் நிற்கும் இடம் தெரியும். சாலை தெரியாது. அது பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்தின் வேலை. என்னுடையது பழைய வரைபடம்; புதுப் பாலத்தில் போகும்போது வயலுக்குள் போவதாகக் காட்டும். டீக்கடையில் விசாரித்துத்தான் மண்டபம் சேர்வேன்.

“மறுபடியும் பிழை கலந்தா என்னங்க பண்றது?” என்றான் பேரன். நல்ல கேள்வி. புதிய செயற்கைக்கோள்களில் அந்த ஏற்பாடே இருக்காது என்று 2007-ல் அமெரிக்கா அறிவித்துவிட்டது. இருந்தாலும் சிக்னல் அவர்களுடையது. அதனால்தான் இஸ்ரோ 2013-லிருந்து சொந்தச் செயற்கைக்கோள்களை ஏவி ‘நாவிக்’ அமைத்தது.

உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.