பாச ஞானம், பசு ஞானம், பதி ஞானம்

சைவ சித்தாந்தம் அறிவை வகுக்கும் மூன்று நிலைகள் இவை. மனித அறிவு இறைவனை எட்டுமா என்ற கேள்விக்கு அம்மரபு தரும் விடை இப்பாகுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அடிப்படை நூல் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் (13ஆம் நூற்றாண்டு). 12 நூற்பா, 40 அடி. அதன் ஆறாம் நூற்பாவின் வாதம் கூர்மையானது. நம் அறிவுக்குள் அடங்கும் பொருள் மாறி அழியும் தன்மையது. எவ்வகையாலும் அறியப்படாதது என்றால் அது இல்பொருளாகிவிடும். இறைவன் இந்த இரண்டிலும் சேரான். முழுதும் அறியலாம் என்பாரும் அறியவே முடியாது என்பாரும் ஒரே அடியில் மறுக்கப்படுகிறார்கள்.

அப்படியானால் எந்த அறிவால் அவனை உணர்வது என்பதை மூன்று நிலைகளும் காட்டுகின்றன. ஐம்பொறியாலும் சொல்லாலும் பெறுவது பாச ஞானம். வேதமும் புராணமும் தரும் நூலறிவையும் இம்மரபின் மற்றோர் ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார் இதில்தான் சேர்க்கிறார். சமய ஆசிரியர் ஒருவருக்கு இது துணிச்சலான முடிவு. உயிர் தன்னையே பரம்பொருளாகக் கருதுவது பசு ஞானம். இறைவன் திருவருளால் உணர்த்த உணர்வது பதி ஞானம். கண்ணுக்குப் பார்வை இருந்தாலும் காண ஒளி வேண்டும் என்பது இதற்குக் காட்டப்படும் உவமை.

உயிர் தானாக இறைவனை அறிய முடியாத இந்த எல்லைக்குக் காரணம், அதன் அறிவை மறைக்கும் ஆணவ மலம். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ தன்னையும் மறைக்கும் என்கிறார் அதே மரபின் ஆசிரியர் உமாபதி சிவம் (14ஆம் நூற்றாண்டு). அறியாமை இருப்பதே உயிருக்குத் தெரியாது என்பது இதன் பொருள்.

சிவஞானபோதத்துக்கு விரிவான உரை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய திராவிட மாபாடியம்.