கண்ணாடிக்குள் ஒரு கடல்



கடலை வீட்டிற்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று மனிதனுக்கு ஓர் ஆசை பிறந்தது. பாறை இடுக்கில் மலர்போல் விரியும் கடற்சாமந்தியையும், பவள இனத்துச் சிற்றுயிர்களையும் கூடத்தில் அமர்ந்தபடியே கண்டு களிக்க விரும்பினான். அந்த ஆசையின் வரலாறு வெறும் பொழுதுபோக்கின் வரலாறு அன்று. நாம் பருகும் கிணற்று நீருக்கும், கொல்லையிலே புதைந்து கிடக்கும் கழிவுத் தொட்டிக்கும் உள்ள உறவை விளக்கும் விஞ்ஞானமும் அதே காலத்தில்தான் வளர்ந்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

1846ஆம் ஆண்டில் ஆன்னா தைன் என்னும் பெருமாட்டி, இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள இனப் பிராணிகள் சிலவற்றை இலண்டனுக்கு எடுத்து வந்தார். கடல் நீரை ஓயாது வரவழைப்பது எளிதன்று. ஆகவே, பழைய நீரையே சன்னலருகில் வைத்து ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். காற்று கலந்ததால் நீர் மீண்டும் உயிர்களுக்கு ஏற்றதாயிற்று. சூடான பாலை ஆற்றுவதுபோல் நாள்தோறும் நடந்த இந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது! மறு ஆண்டில் அவர் கடற்பாசிகளையும் நீரில் வளர்க்கத் தொடங்கினார்.

அதே இலண்டனில் மருந்தாளர் மன்றத்தில் பணியாற்றிய ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன வல்லுநர், 1850இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கெட்டது. அழுகலைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தவுடன் நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது; செடி தரும் பிராணவாயுவை மீன் ஏற்கிறது; குப்பையை நத்தை அகற்றுகிறது. இம்மூன்றும் சமநிலையில் நின்றால் தொட்டி வாழும் என்பது அவர் கண்ட முடிவு. பின்னர்க் கடல் நீரிலும் அவர் இச்சோதனையைத் தொடர்ந்தார்.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் காணும் மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்னும் சொல்லே நாடெங்கும் பரவிற்று. கடலுக்குத் தொலைவில் வாழ்வோர் என்ன செய்வது? அதற்கும் அவர் வழி கண்டார். சமையல் உப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவறிந்து நன்னீரில் கரைத்துச் செயற்கைக் கடல் நீர் ஆக்கினார். ஆனால் இம்மோகம் தீங்கும் செய்தது. சேகரிக்க வந்த கூட்டம் அழகிய கடலோரப் பாறைக் குட்டைகளை வெறுமையாக்கிற்று. அதைக் காஸின் புதல்வர் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தம் நூலில் வருந்தி எழுதினார்.

காஸின் நூல் வெளிவந்த அதே 1854ஆம் ஆண்டில், அதே இலண்டன் மாநகரில், பிராட் தெருக் கிணற்றைச் சூழ்ந்த பகுதியில் வாந்திபேதி பரவி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கிணற்று நீரே காரணம் என்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டினார். அடித்துத் தண்ணீர் இறைக்கும் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீட்டின் மலக்குழி கிணற்றிலிருந்து 3 அடிக்கும் குறைவான தொலைவில் இருந்தது தெரிந்தது. அதன் செங்கற் கட்டடம் சிதைந்திருந்தது. கண்ணாடித் தொட்டியில் நீரின் தூய்மையைக் கண்ணுங்கருத்துமாகக் காத்த ஒரு நகரம், தன் காலடியில் இருந்த கிணற்றைக் காக்கத் தவறிவிட்டது. எத்தகைய முரண்பாடு!

வாரிங்டன் கூறிய சமநிலையில் ஒரு பங்காளி விடுபட்டிருந்தது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சாயிற்றே, அது எங்கே போகிறது? விடை, சாக்கடை நீரை ஆராய்ந்தபோது கிடைத்தது. 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் என்போர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெல்ல வழியவிட்டனர். 20 நாள் வரை மாற்றமில்லை. பின்னர் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் வேலை நின்றுவிட்டது. ஆகவே இது உயிருள்ள நுண்கிருமிகளின் செயல் என்று தெளிந்தனர். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் இவ்வாராய்ச்சியை வளர்த்தவர், மேலே கூறிய வாரிங்டனின் மகனே! தந்தையின் பெயரையே தாங்கிய அவர், அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுகிறது என்று காட்டினார். 1890இல் வினோகிராட்ஸ்கி அக்கிருமிகளைத் தனியே பிரித்து வளர்த்தார்.

இதனிடையே, பிரான்சில் மூராஸ் என்பவர் காற்றுப் புகாத கழிவுத் தொட்டிக்கு 1881இல் உரிமை பெற்றார். 1895இல் எக்ஸிடர் நகரில் டொனால்ட் காமரான் அமைத்த தொட்டிக்குச் 'செப்டிக் டாங்க்' என்னும் பெயர் நிலைத்தது. தொட்டியில் திண்மக் கழிவு படிந்து சிதைகிறது. வெளியேறும் நீரிலுள்ள அம்மோனியாவை மண்ணிலுள்ள கிருமிகள் நைட்ரேட்டாக்குகின்றன. மீன் தொட்டியின் மணலிலும், கொல்லை மண்ணிலும் நடப்பது ஒரே வேலை!

இனி, நம் இல்லத்தைப் பார்ப்போம். மீன் தொட்டியில் சேரும் நைட்ரேட்டை, நீரில் ஒரு பகுதியை மாற்றிக் குறைக்கலாம். மண்ணில் சேர்ந்த நைட்ரேட்டோ, மழை நீரோடு இறங்கிக் கிணற்றை அடையக்கூடும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்னும் மருத்துவர், இத்தகைய கிணற்று நீரில் கரைத்த பாலை உண்ட பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாய்ந்து வாடியதை எடுத்துக்காட்டினார். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. காய்ச்சினால் அது நீங்காது. அத்தகைய கிணற்று நீரில் கடலுப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினால், வேண்டாத பாசியே செழிக்கும்.

மற்றொன்றும் உண்டு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. 100 லிட்டர் நீரைக் கொட்டினால் மூன்றரைக் கிலோ உப்பைக் கொட்டியவராவோம். அம்மோனியாவை மாற்றும் கிருமி உப்பை மாற்றுவதில்லை. கழிவுத் தொட்டியில் ஊற்றினாலும், மரத்தடியில் ஊற்றினாலும் உப்பு உப்பாகவே நிலத்தில் இறங்கும். கிணறு அருகிருந்தால் அதன் சுவை நாளடைவில் மாறவும் கூடும்.

ஆகவே, கண்ணாடிக் கடல் அமைக்க விரும்பும் இளைஞர் முதலில் தம் கிணற்று நீரைச் சோதிக்கட்டும். கழிவுத் தொட்டி கிணற்றுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து பார்க்கட்டும். கழித்த உப்பு நீரை எங்கே சேர்ப்பது என்பதையும் முன்னரே முடிவு செய்யட்டும். கொட்டியது கண்ணுக்கு மறையலாம், ஆனால் அழிந்துவிடுவதில்லை. கண்ணாடித் தொட்டியின் சுவர்களை நாம் காண்கிறோம். நாம் வாழும் நிலமும் சுவருள்ள தொட்டிதான் என்பதை உணர, 1854இல் ஒரு நகரம் கொடுத்த விலை மிகப் பெரிது. அந்த விலையை நாம் மறுபடியும் கொடுக்க வேண்டியதில்லை.