நம்ம கரும்புக்குப் பின்னால ஒரு அம்மா



போன மாசக் கூட்டத்தில் ஒரு அக்கா, "பொம்பளப் புள்ளைக்கு விவசாயப் படிப்பு எதுக்கு? களை எடுக்கக் காலேஜா?" என்று கேட்டாங்க. பிளஸ் டூ படிக்கிற என் மகள் ஆசைப்படுறதும் அந்தப் படிப்புக்குத்தான். அதனால இந்த மலருக்கு ஜானகி அம்மாளைப் பற்றி எழுதுறேன்.

கரும்பு போடுற வீடுகளில் 'எண்பத்தாறு முப்பத்திரண்டு' ரகம் தெரியாதவங்க இல்லை. முழுப் பேர் கோ 86032. கோ என்றால் கோயம்புத்தூர். அங்கே 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. கரும்பு பூத்தா நமக்கு வயிறு எரியும். ஆனா புது ரகம் உண்டாக்கப் பூதான் வேணும். கோவையில் நல்லாப் பூக்கும், அதான் அந்த ஊர். தடிச்ச இனிப்புக் கரும்பு நோய் தாங்காது. ஆத்தோர நாணலில் இனிப்பு இல்லை, ஆனா எதையும் தாங்கும். ரெண்டையும் சேர்த்துத்தான் கோ ரகங்கள் வந்துச்சு.

அந்த நிலையத்துக்கு 1934-ல் வேலைக்கு வந்தவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சகோதரிகள் கல்யாணம் பண்ணிப் போக, இவர் சென்னைக்குப் படிக்கப் போனார். அப்புறம் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கடைசி வரை கல்யாணமே பண்ணிக்கலை. அந்தக் காலத்தில் ஊர் என்னென்ன பேசியிருக்கும்னு நமக்குச் சொல்லணுமா என்ன!

செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் துண்டு மாதிரி குரோமோசோம் இருக்கும். அம்மாவோட குணமும் அப்பாவோட குணமும் பிள்ளைக்குப் போறது அது வழியாத்தான். ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் உட்கார்ந்து கரும்பிலும் நாணலிலும் அதை எண்ணினார். எதை எதோடு சேர்த்தா ஒட்டும் என்பதற்கு அந்தக் கணக்கு வேணும். கரும்பை மக்காச்சோளத்தோடகூடச் சேர்த்துப் பார்த்தார். 86032 அவர் உண்டாக்கினது இல்லை, அது ரொம்பப் பின்னால வந்தது. ஆனா அவர் செஞ்ச மாதிரி வேலை மேலதான் கரும்பு ஆராய்ச்சி வளர்ந்தது. சோகை உரிக்கிற நம்ம யாருக்கும் அவர் பேர் தெரியாம இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

1939-ல் இங்கிலாந்து போனார். பயிர்ச் செடிகளோட குரோமோசோம் கணக்கை எல்லாம் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் புத்தகமாக்கினார். நேரு கூப்பிட, 1951-ல் திரும்பி வந்து இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்தது. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தாண்டி ஒரு அபூர்வ மரத்தைப் பார்க்கப் போனார். அந்தப் பக்கத்தில் அது ஒண்ணே ஒண்ணுதான். போய்ப் பார்த்தா எரிச்சிருந்தாங்க. உணவு உற்பத்தின்னு சொல்லிக் காட்டை அழிக்கிறதைப் பற்றி 1955-ல் அமெரிக்காவில் நடந்த அறிஞர் கூட்டத்தில் பேசினார். எண்பது வயசுக்கு மேலயும் கேரளா அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாதுன்னு குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். அதே வருஷம் நவம்பரில் அந்தக் காட்டைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க.