திசையன் வரைகலையில் எழுத்து வரைதல்

திசையன் வரைகலையில் எழுத்து வரைதல் என்பது எழுத்துக்களைப் படப்புள்ளிகளின் தொகுப்பாக அல்லாமல், கணித முறையில் வரையறுக்கப்பட்ட வெளிக்கோடுகளாகக் கணினியில் உருவாக்கும் முறையாகும். இவ்வாறு வரையப்படும் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் விளிம்பு சிதைவதில்லை. எழுத்துருக்கள், இலச்சினைகள், பெயர்ப்பலகைகள் ஆகியவற்றை வடிவமைக்க இம்முறை பயன்படுகிறது. 1987 இல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர், 2003 இல் சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து பிரிந்து உருவான கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப் ஆகியன இதற்குரிய கருவிகளுள் சில.

பெசியர் வளைகோடு

இம்மென்பொருட்கள் வளைவுகளைப் பெசியர் வளைகோடுகளாகச் சேமிக்கின்றன. இவை பிரான்சின் கார் தொழிற்துறையில் தோன்றியவை. சிட்ரொயன் நிறுவனத்தில் போல் டி காஸ்டெல்ஜோ 1959 இலேயே இதற்கான முறையைக் கண்டறிந்திருந்தார். எனினும் அந்நிறுவனம் அதனை இரகசியமாக வைத்திருந்ததால், 1960களில் இதனைப் பரவலாக்கிய ரெனோ நிறுவனப் பொறியாளர் பியர் பெசியரின் பெயரே நிலைத்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி முப்படி வளைகோடுகளையும், ட்ரூடைப் எழுத்துருக்கள் இருபடி வளைகோடுகளையும் பயன்படுத்துகின்றன.

முப்படி வளைகோடு ஒன்றுக்கு நான்கு புள்ளிகள் உண்டு. இரண்டு முனைகளும் கணுக்கள் எனப்படும். கோடு கணுவை விட்டு எத்திசையில், எவ்வளவு விசையுடன் புறப்படுகிறது என்பதை மற்ற இரண்டு புள்ளிகளாகிய கைப்பிடிகள் தீர்மானிக்கின்றன.

கணுக்களின் இடம்

புதிதாகக் கற்பவர்கள் வளைவின் ஒவ்வொரு நெளிவிலும் ஒரு கணுவை இடுவது வழக்கம். இதனால் வளைவு மேடுபள்ளமாகிறது. கணுக்கள் குறையக் குறைய வளைவு வழுவழுப்பாகும். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு கணுக்களே போதும். கைப்பிடியின் நீளம் ஆரத்தின் ஏறத்தாழ 0.5523 மடங்காக இருந்தால், உண்மை வட்டத்திலிருந்து ஏற்படும் விலகல் 0.03 விழுக்காட்டுக்கும் குறைவு. எழுத்திலும் வளைவின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் கணுக்களை இட்டு, கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ வைப்பதே பெரிதும் பின்பற்றப்படும் நெறி.

வருடிய படத்தைத் தானியக்கமாகத் திசையனாக்கும் வசதி கற்பவரை எளிதில் கவரக்கூடியது. ஆனால் அது தாளின் சொரசொரப்பையும் மைக்கசிவையும் சேர்த்துப் பின்தொடர்ந்து தேவையற்ற கணுக்களைக் குவிக்கிறது. அவற்றைத் திருத்துவதை விட, படத்தை அடியில் வைத்துக் கையால் வரைவதே விரைவானது.

தமிழில் தொடங்குவோருக்கு நேர்கோடுகளாலான ட, ப ஆகியவை ஏற்றவை. ண, ழ, ஐ போன்றவற்றை வரையுமுன் அவற்றைத் தாளில் எழுதிப் பார்ப்பது நன்று. பேனா செல்லும் வழி தெரியாதவருக்குச் சுழி எங்கே ஒடுங்க வேண்டும் என்பது விளங்காது. சீரான தடிப்புள்ள எழுத்துக்கு நடுக்கோட்டை மட்டும் வரைந்து, பின்னர் அதனை வெளிக்கோடாக மாற்றலாம். தடிப்பு வேறுபடும் எழுத்துக்கு இது உதவாது.

கண்ணுக்கான திருத்தங்கள்

அளவுகோலின்படி சரியானது கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதில்லை. ஒரே தடிப்புள்ள கிடைக்கோடு நிலைக்கோட்டை விடப் பருமனாகத் தோன்றுவதால் அதனைச் சற்று மெலிதாக்குவர். அவ்வாறே வட்டமான அடிப்பகுதி, தட்டையான அடியுடைய ப போன்ற எழுத்தின் அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இல்லையெனில் சிறியதாகத் தெரியும்.

எழுத்துருவாக மாற்றல்

வரைந்த வடிவங்களை ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற எழுத்துரு மென்பொருளுக்கு மாற்றும்போது சுழிகளின் திசையைக் கவனிக்க வேண்டும். வெளிச்சுற்றும் உட்சுற்றும் எதிரெதிர்த் திசைகளில் செல்லாவிடில் சுழியின் உள்வெளி அடைபட்டுவிடும். தமிழின் 247 எழுத்துக்களையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. கா, கெ, கை போன்றவை துணைக்குறிகளைச் சேர்த்தே அமைகின்றன. ஆனால் உகர, ஊகார உயிர்மெய்கள் மெய்யோடு ஒன்றி உருமாறுவதால் அந்த 36 வடிவங்களும் தனியே வரையப்படுகின்றன. டி, டீ ஆகியவற்றுக்கும் பொதுவாகத் தனி வடிவம் தேவைப்படும்.