பாலர் தோட்டமும் பெற்றோர் கடமையும்

நம் குலத்துப் பெற்றோர்களே! குழந்தைக்கு மூன்று பிராயம் நிரம்புமுன்னரே, "என் மகன் எழுத்தெல்லாம் ஒப்பிப்பான்" என்று பெருமை பாராட்டுதல் நம்மவருள் வழக்கமாகிவிட்டது. பாலர் பள்ளி புகுங் குழந்தைக்கு இன்றியமையாதது இதுதானோ என்பதை, அப்பள்ளி தோன்றிய சரித்திரங்கொண்டே ஆராய்வாம்.

ஜெர்மனி தேசத்தில் 1782-ஆம் ஆண்டு பிறந்த பிரீட்ரிக் பிரோபெல் என்னும் பெரியார், ஒன்பது மாதக் குழவியாயிருக்கையிலேயே தாயை இழந்தவர். அவர் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறார்க்கென ஒரு நிலையங் கண்டு, 1840-இல் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். செடியை இழுத்து வளர்ப்பார் யாருமிலர். நீரும் ஒளியும் அளித்துக் காப்பதே தோட்டக்காரன் தொழில்.

அவர் குழந்தைகளின் கையில் முதற்கண் அளித்தது ஏடன்று. நூலிற் கட்டிய ஆறு கம்பளிப் பந்துகள். பின்னர் மரத்தாலாகிய உருண்டை, உருளை, கனசதுரம். அதன்பின் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெருங்கட்டை. இவற்றோடு பாட்டும் விளையாட்டும் செடி வளர்த்தலும் சேர்ந்தன. தீங்கற்ற இம்முயற்சியையும் பிரஷ்ய அரசாங்கத்தார் நாத்திகமென ஐயுற்று 1851-இல் தடுத்தனர். மறு ஆண்டே பிரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-இல். அதற்குள் அவர்பாற் பயின்ற மாதர் ஒருவர், 1856-இல் அமெரிக்காவிலும் அத்தோட்டத்தை நட்டுவிட்டார்.

1907-இல் ரோமாபுரியில் ஏழை மக்களின் குழந்தைகட்குப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். பொத்தான் மாட்டுதல், கை கழுவுதல், சிந்தாது நீர் வார்த்தல் ஆகியவற்றையும் அவர் பாடமாகவே மதித்தார்.

நம் முன்னோர் விஜயதசமியன்று குழந்தையின் விரல்பிடித்து அரிசியில் எழுதுவித்தனர். அதற்கு முன்னரே பாட்டியின் கதை செவியைப் பழக்கிற்று. பல்லாங்குழி எண்ணைப் பழக்கிற்று.

இதனை எழுதும் நாமும் பிழை செய்தவரே. நம் இல்லத்துச் சிறுமியை விருந்தினர் முன் எழுத்துக்களை ஒப்பிக்கச் செய்து மகிழ்ந்தோம். பள்ளி புகுந்த முதல்நாள், "தண்ணீர் வேண்டும்" என்று கேட்கவறியாது அவள் பகல் முழுதும் விம்மியிருந்தாள் எனக் கேட்டு நாணினோம்.

ஆகலின், தாயைச் சற்றே பிரிந்திருத்தல், தானே உண்ணுதல், தன் குறையை வாய்விட்டுரைத்தல், கதையைச் செவிமடுத்தல், பிற சிறாரோடு முறைவைத்து விளையாடுதல் ஆகிய ஐந்தையும் வீட்டிலேயே பழக்குவீராக. எழுத்து தன் காலத்தில் தானே வந்தெய்தும். மண்ணைப் பண்படுத்தல் நம் கடமை. முளைத்தல் விதையின் தொழில்.