"எத்தனை புள்ளி?" என்பதற்கு அப்பால்: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் பலத்தைக் கண்டுகொள்வது எப்படி?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் கண்டி நகரத்து வீடுகளிலும் சரி, ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களின் லயங்களிலும் சரி, பிள்ளையிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "எத்தனை புள்ளி?" பத்து வயதுப் பிள்ளை 200க்கு ஓர் இலக்கத்தைச் சொல்லும். அது வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால் வீட்டில் கொண்டாட்டம். கீழே இருந்தால் "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் "பரவாயில்லை"யைப் பிள்ளை எப்படி விளங்கிக்கொண்டது என்று நாம் கேட்பதில்லை.

2025இல் நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு பகுதியினரே. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும், வசதி கூடிய பாடசாலைகளில் இடமும் வழங்குவதற்கான பரீட்சை இது. இடங்கள் குறைவு என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் வெளியே நிற்கத்தான் வேண்டும். ஆட்களைத் தெரிவு செய்வதற்கான கருவி இது. ஒரு பிள்ளை எப்படிப்பட்டது என்று அளக்கும் கருவி அல்ல. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு வேறொரு சொல்லையும் நாம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்றால், அது அந்த இலக்கத்தையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும்.

பெற்றோரின் பயம் எங்கிருந்து வருகிறது?

இதைப் பெற்றோரின் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறின. அங்கே போர் அவர்களை மீண்டும் பிடித்துக்கொண்டது. வடக்கு கிழக்கில் பிறந்து வளர்ந்தவர்களும் வீட்டையும் காணியையும் ஒரு தடவை அல்ல, பல தடவை விட்டு ஓடினார்கள். "எதை இழந்தாலும் படிப்பை யாரும் பறிக்க முடியாது" என்பது அந்தத் தலைமுறை பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

இன்று ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். போரை அவர்கள் காணவில்லை. பெற்றோரின் பயத்தை மட்டும் காண்கிறார்கள். அந்தப் பயம் ரியூஷன் வகுப்பாகவும் மாதிரி வினாத்தாளாகவும் அவர்களிடம் வந்து சேர்கிறது.

பாடத்திட்டத்திலேயே ஒரு வழி உண்டு

பிள்ளையின் பலத்தைத் தேடுவது நமக்குப் புதிய விடயம் அல்ல. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், தரம் 1இல் சேரும் பிள்ளையைப் பாடம் தொடங்குவதற்கு முன் இனங்காண வேண்டும் என்று சொன்னது. விளையாட்டு, பாட்டு, கதை, வரைதல் ஆகியவற்றின் ஊடாக அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன முடியும் என்பதை ஆசிரியர் கவனிக்க வேண்டும். வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று முறைகளும் அதே சீர்திருத்தத்தில் வந்தவைதான். தரம் கூடக் கூட விளையாட்டு குறைந்து எழுத்துவேலை கூடுகிறது. தரம் 5இல் வினாத்தாள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ஆகவே நாம் செய்யவேண்டியது, தரம் 1இல் தொடங்கும் அந்தக் கவனிப்பை ஐந்தாண்டுக்கும் நீட்டிப்பதுதான்.

பலம் என்பது எது?

ஒரு பிள்ளையின் பலத்தை மூன்று இடங்களில் தேடலாம்.

திறன்: வரைதல், ஓடுதல், கணக்கு, பாட்டு, கை வேலை. இவை எளிதில் கண்ணில் படும்.

குணம்: கிறிஸ்தோபர் பீற்றர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2004இல் வெளியிட்ட நூலில் 24 குணப் பலங்களை வகைப்படுத்தினார்கள். துணிவு, அன்பு, நேர்மை, நன்றியுணர்வு, அறியும் ஆர்வம் ஆகியவற்றோடு நகைச்சுவையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "வகுப்பைக் குழப்புகிறான்" என்று பெயர் வாங்கிய பையன், அழும் பிள்ளையைச் சிரிக்க வைப்பவனாகவும் இருக்கலாம்.

வாழ்க்கை தந்த அறிவு: வீட்டில் தமிழ், கடையில் சிங்களம் என்று இரண்டு மொழிகளுக்கிடையே தடுமாறாமல் போய்வருவது கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சாதாரணம். அதை ஒரு திறமை என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. மழை வரும் திசையைச் சொல்லும் பிள்ளை, எந்தச் செடியில் கொழுந்து முற்றிவிட்டது என்று தெரிந்த பிள்ளை, தோட்டத்துப் பாதையில் எந்த இடம் வழுக்கும் என்று அறிந்த பிள்ளை எல்லாம் சுற்றாடல் பாடத்தை வாழ்ந்தே கற்றவர்கள்.

எப்படிக் கவனிப்பது?

ஒரு பழைய கொப்பி போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். நாளுக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். 30 பிள்ளைகள் உள்ள வகுப்பை இரண்டு பாடசாலை வாரங்களில் ஒரு சுற்று முடித்துவிடலாம். "நல்ல பிள்ளை", "கெட்டிக்காரி" என்று எழுத வேண்டாம். பிள்ளை என்ன செய்தது என்பதை எழுதுங்கள். "பென்சிலை இரண்டாக முறித்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்." "கூட்டல் பிழைத்தபோது தானே அழித்து மூன்று தடவை செய்து பார்த்தான்." ஒரு தவணை முடியும்போது எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். நம் கண்ணில் படாமல் இருக்கும் பிள்ளை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எப்படிச் சொல்வது?

பாராட்டிலும் கவனம் வேண்டும். 1998இல் குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு பலருக்குத் தெரிந்தது. முதற் சுற்று முடிந்ததும் சில பிள்ளைகளிடம் "நீ புத்திசாலி" என்றார்கள். வேறு சிலரிடம் "நன்றாக முயற்சி செய்தாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். "புத்திசாலி" என்று கேட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பின் சோர்ந்துபோய், அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். தாங்கள் பெற்ற புள்ளியைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவிலேயே அதிகம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயன்றார்கள். இத்துறையில் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் சொல்லை மாற்றுவதால் மட்டும் பெரிய மாற்றம் வந்துவிடாது என்று காட்டினாலும், பிள்ளை செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது நல்ல பழக்கமே.

"சுப்பர்!" என்பதற்குப் பதிலாக, "புதிதாக வந்த பிள்ளையை நீயே கூப்பிட்டு விளையாட்டில் சேர்த்தாய், நான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். "நான் பார்த்தேன்" என்பதில்தான் அந்தப் பாராட்டின் உயிர் இருக்கிறது.

வகுப்பில் செய்யக்கூடிய மூன்று விடயங்கள்

உதவிப் பலகை: "என்னிடம் கேட்கலாம்" என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒன்றை எழுதி ஒட்டட்டும். சிங்களச் சொல், பட்டம் கட்டுதல், வாய்ப்பாடு, கொப்பிக்கு உறை போடுதல், எதுவானாலும் சரி. பலம் பிறருக்குப் பயன்படும்போதுதான் பிள்ளை அதை நம்பும்.

நண்பனின் சாட்சி: வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிள்ளையைப் பற்றி இன்னொரு பிள்ளை, தான் கண்ட ஒரு நல்ல செயலைச் சொல்லட்டும். முறை வைத்து எல்லோருக்கும் வர வேண்டும்.

படமும் கதையும்: எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு நிறமும் களிமண்ணும் நாடகமும் வேண்டும். மட்டக்களப்பில் 1996இல் போரின் நடுவே தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதற்கு நல்ல சாட்சி. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வரைந்தார்கள், கதை சொன்னார்கள், நடித்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளாக மட்டும் பார்க்கப்பட்டவர்கள் அங்கே படைப்பவர்களாக இருந்தார்கள்.

கொண்டாடும்போது தவிர்க்க வேண்டியவை

பலத்துக்கும் முதலாம், இரண்டாம் இடம் கொடுத்தால் இன்னொரு பரீட்சையைத்தான் தொடங்கியவர்கள் ஆவோம். எல்லோருக்கும் ஒரே வாசகம் எழுதிய சான்றிதழ் கொடுப்பதிலும் பயனில்லை. அது பொய் என்று பிள்ளைக்குத் தெரியும். காலைக் கூட்டத்தில் எப்போதும் அதே நான்கு முகங்களை மேடையேற்றவும் வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அம்மா கொழுந்து பறிக்கப் போனபின், அல்லது வெளிநாட்டில் வேலை செய்யும்போது, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் எட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்புணர்வு உண்மையான பலம். ஆனால் அந்தச் சுமை கொண்டாட வேண்டியது அல்ல. பிள்ளையைப் பாராட்டிவிட்டு, அவளுடைய பாரத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேச வேண்டும். அதுபோலவே, குடும்பம் பட்ட துன்பத்தை வகுப்பின் முன்னால் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. "உங்கள் தாத்தா பாட்டிக்கு என்னவெல்லாம் செய்யத் தெரியும்?" என்று கேளுங்கள். சொல்ல விரும்பும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே கதவைத் திறந்துவிடும்.

பலத்தைப் பேசுவது குறையை மறைப்பதற்கும் அல்ல. தரம் 3இலும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைக்கு "நீ நன்றாக ஆடுகிறாய்" என்பது போதாது. அதற்கு வாசிப்பு உதவி வேண்டும். நீண்ட நாட்களாக ஒதுங்கியே இருக்கும் பிள்ளைக்கு ஆலோசனை வழங்கும் ஆசிரியரின் அல்லது வைத்தியரின் துணை வேண்டும்.

வீட்டில்

வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோரிடம் நேரம் குறைவு. இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி போதும்: "இன்றைக்கு நீ யாருக்கு உதவி செய்தாய்?" அல்லது, "இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது, நீ என்ன செய்தாய்?"

பெறுபேறு வரும் நாளில் புள்ளியைக் கேட்கத்தான் போகிறோம், கேட்போம். ஆனால் அதற்கு முன்பே, அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிந்த மூன்று விடயங்களை அதனிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளையும் அந்த இலக்கம் தன் கதையின் ஒரு வரிதான் என்று விளங்கிக்கொள்ளும்.