அய்யூர்க் காட்டின் தத்துப்பூச்சிகள்

பூச்சியியல் ஏடுகளில் 'அய்யூர், வட சேலம்' என்றொரு ஊர்ப்பெயர் அடிக்கடி எதிர்ப்படும். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருக்கும் காடுதான் அது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை இப்பகுதி சேலத்தைச் சேர்ந்திருந்தது. இந்தக் காட்டின் பெயர் அருங்காட்சியகச் சீட்டுகளில் ஏறியதற்குக் காரணம் சந்தன மரம்.

1899இல் குடகில் சந்தன மரங்களுக்கு ஒரு புதிய நோய் கண்டிருப்பதாக மக்கார்த்தி என்பவர் தெரிவித்தார். இலைகள் ஆண்டுக்காண்டு சிறுத்து, கிளையில் முள்போல விறைத்து நிற்கும். பூவும் காயும் நின்றுபோகும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். 'ஸ்பைக்' என்று பெயர் பெற்ற அந்நோய் மைசூர், சேலம் காடுகளுக்கும் பரவியது. நோயுற்ற மரத்தின் கிளையை நல்ல மரத்தில் ஒட்டினால் நோய் தொற்றிற்று. ஆனால் காட்டில் ஒட்டுக் கட்டுவார் யார்? சாறு உறிஞ்சும் பூச்சிகள்மீது ஐயம் விழுந்தது.

ஐயத்துக்குரியவை எவை என்று அறிய, சந்தனத்தில் வாழும் பூச்சிகள் அனைத்தையும் திரட்ட வேண்டியிருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடகின் பிரேசர்பேட்டையிலும் அய்யூரிலும் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் அவற்றைச் சேகரித்தனர். அவற்றுள் இலைத்தத்துப்பூச்சிகள் ஹேம் சிங் புருதியின் கைக்கு வந்தன.

அதுவரை இந்தியத் தத்துப்பூச்சிகளுக்கு ஆதார நூல் டிஸ்டன்ட் 1908இல் வெளியிட்ட தொகுதியே. தலையின் வடிவம், சிறகின் நிறம், புள்ளிகள் ஆகியவற்றைக் கொண்டே அவர் பெரும்பாலும் இனம் பிரித்தார். நிறமோ ஏமாற்றக்கூடியது. ஒரே இனத்துக்குள் வெளிறியதும் கருத்ததும் உண்டு. வேறு வேறு இனங்கள் இரட்டையர்போல் தோன்றுவதும் உண்டு. புருதி 1925இலேயே இவ்வகைப் பூச்சிகளின் ஆண் கலவி உறுப்புகளைப் பற்றி விரிவாக எழுதியவர். சில மில்லிமீட்டரே நீளமுள்ள பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்து, காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்துத் தசையைக் கரைத்தால் உள்ளிருக்கும் கடினமான பகுதிகள் தெளியும். அவற்றின் வளைவும் முள்ளும் கிளையும் இனத்துக்கு இனம் மாறுபடும். அவற்றை நுண்ணோக்கியில் கண்டு வரைந்த படமே புதிய இனத்துக்கு உறுதியான சான்று. பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் பல வேளைகளில் பெயரிட இயலாது.

இது வெறும் பெயர்ப் பித்து அன்று. நோயைப் பரப்பும் பூச்சி எதுவென்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதே பூச்சியைப் பிடித்துச் சோதித்தாக வேண்டும். பெயர் பிழையானால் குற்றம் வேறொன்றின் தலையில் விழும். இத்தேடலில் ஈடுபட்டவர்களுள் கல்கத்தாவில் பிறந்த செட்ரிக் டோவரும் ஒருவர்; பின்னாளில், 1937இல், மனிதருள் இனத்தூய்மை பேசுவோரை மறுத்து 'ஹாஃப் காஸ்ட்' என்ற நூலை எழுதியவர் அவரே.

1941இல் ரங்கசாமியும் கிரிஃபித்தும் ஜாஸஸ் இண்டிகஸ் என்ற தத்துப்பூச்சி நோயைப் பரப்புவதாக அறிவித்தார்கள். நோய்க்கு வைரஸே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1969இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி, செல்சுவரற்ற நுண்ணுயிர்களைக் காட்டியது. அவற்றை இன்று ஃபைட்டோபிளாஸ்மா என்கிறோம். 1978இல் நெல்வயலின் பச்சைத் தத்துப்பூச்சியும் பரப்புவோர் பட்டியலில் சேர்ந்தது.

நோய்க்கு உறுதியான மருந்து இன்னும் இல்லை. எனினும் ஒவ்வொரு சோதனையிலும் எந்தப் பூச்சி கூண்டில் இருந்தது என்று இன்றும் நாம் சரிபார்க்க முடிகிறதென்றால், அதற்கு அந்தச் சிறு உறுப்பின் கோட்டுப்படங்களே காரணம்.